வாலுவின் கெட்டிக்கார மூக்கு

அந்தச் சிறுமியை வீட்டில் எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது வயது. ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். மாதக்கணக்கில் அவள் காத்திருந்த தம்பிப் பாப்பா நேற்றுதான் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தான். பாழாய்ப்போன சளியும் அவளுக்கு நேற்றுதான் பிடித்தது.

"சளி போற வரைக்கும் தம்பியைத் தொடக் கூடாது" என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

வாலுவா சும்மா இருப்பாள்? மூக்கு ஒழுகினால்தானே சளி? பஞ்சை உருட்டி மூக்கின் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு, ஒன்றுமே தெரியாத பிள்ளைபோல அம்மா முன்னால் போய் நின்றாள். ஏன் வாயைத் திறந்துகொண்டே நிற்கிறாய் என்று அம்மா கேட்டாள். பதில் சொல்வதற்குள் வந்தது பாருங்கள் ஒரு தும்மல்! ஒரு பஞ்சு பறந்துபோய் அப்பாவின் டீயில் விழுந்தது.

அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளை டாக்டரிடம் அழைத்துப் போய், பஞ்சு வைத்த கதையையும் சொன்னார். டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், தொண்டையைப் பார்த்தார். வெதுவெதுப்பான தண்ணீர் குடி, நன்றாகத் தூங்கு என்றதோடு சரி. வாலுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஒரு மாத்திரைகூடத் தர மாட்டீங்களா?"

"உன் மூக்கே கெட்டிக்கார மூக்கும்மா. கிருமி உள்ள வந்ததுமே, 'ஆள் வந்துட்டான், கதவைச் சாத்து'ன்னு அக்கம்பக்கத்துக்கெல்லாம் சேதி அனுப்பிடும். சின்னப் பிள்ளைங்க மூக்கு அதுல ரொம்பச் சுறுசுறுப்பு. அதைப் போய் அடைச்சு வெச்சியே" என்றார் டாக்டர்.

அப்பா ஏசி மெக்கானிக். வீட்டுக்கு வந்ததும் கடைகளிலிருந்து கழற்றி வந்த ஃபில்டர்களைப் பின்கட்டில் கழுவ உட்கார்ந்தார். ஒவ்வொன்றிலும் கம்பளிபோலத் தூசி அப்பியிருந்தது. வாலு உற்றுப் பார்த்தாள்.

"இவ்வளவு அழுக்கு இருந்தா, இது நல்லா வேலை செஞ்சிருக்குன்னுதானேப்பா அர்த்தம்?"

ஆமாம் என்று அப்பா தலையாட்டினார். வாலு ஓடிப்போய்க் கண்ணாடியில் தன் சிவந்த மூக்கைப் பார்த்தாள். ஃபில்டரைக் கழுவ அப்பா வேண்டும். இதுவோ கிருமியையும் பிடித்து, தன்னையும் தானே கழுவிக்கொள்கிறது. அவளுக்கு அதன்மேல் தனி மரியாதையே வந்துவிட்டது.

அப்போது அறையில் தம்பி வீறிட்டான். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் கையெல்லாம் அழுக்கு. வாலு பாய்ந்து போய்க் கைகளை நீட்டினாள். யாரும் பார்க்கவில்லை, தூக்கிவிடலாம்.

அவன் மூக்கு கடுகளவுதான் இருந்தது. நேற்று வேலைக்குச் சேர்ந்த மூக்கு. அதன் தலையில் இவ்வளவு பெரிய வேலையைக் கட்டலாமா?

வாலு கைகளை இழுத்துக்கொண்டாள். அறையின் வாசற்படிக்கு ஓடி, முழங்கையை மடக்கி அதில் தும்மினாள். பிறகு அங்கேயே நின்று, அடைத்த குரலில் வாய்க்கு வந்ததையெல்லாம் பாடினாள். தம்பி அழுகையை நிறுத்திக் கேட்டான். ஈரத் தலையோடு ஓடிவந்த அம்மா, எட்ட நின்று பாடும் மகளைப் பார்த்து நெகிழ்ந்து போனாள்.

சளி முழுவதும் போன பிறகு, அம்மா தம்பியை அவள் மடியில் வைத்தாள். அவன் கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனான். வாலுவுக்குக் கால் மரத்தது, முதுகு அரித்தது, வெளியே தோழிகள் விளையாடக் கூப்பிட்டார்கள். அவன் கண் விழிக்கும் வரை வாலு அசையவே இல்லை.