கொம்ப்ளே

புதுச்சேரி துய்மா வீதியிலிருக்கும் அந்த மஞ்சள் சுவர் விடுதிக்கு மூன்று வாரமாக ஒரு ஈ காக்கை கூட வரவில்லை. காரணம் மழை அல்ல... வெற்றிச்செல்வன்.

மழைதான் காரணம் என்று அவனும் நம்பிக்கொண்டிருந்தான். அவன் செய்து கொடுத்த வெப்சைட் அப்படிக் கண்ணைப் பறித்தது. முகப்பில் விடுதியின் இரும்புக் கேட். கேட்டில் தொங்கும் பழைய மரப்பலகை. பலகையில் பிரெஞ்சில் ஒரே ஒரு சொல். வெற்றி அதை 'கம்ப்ளீட்' என்று படித்தான். ஏசி, வைஃபை, காலை டிபன் எல்லாம் நிறைவாக உண்டு என்று தானாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டு, அந்தச் சொல்லைப் பக்கத்தின் நடுவில் பெரிதாகப் போட்டு மினுமினுக்கவும் விட்டான்.

வேலையைக் கொடுத்தவர் விடுதிக்காரர் லூயிஸ். ஆனால் முதலியார்பேட்டையில் அவன் வீட்டு வாசலுக்கு, சொட்டச் சொட்ட நனைந்த குடையோடு வந்து நின்றது அவர் மகள் மெரின்.

"வெற்றிச்செல்வன்றது யாரு?"

"நான்தாங்க..."

"அந்தப் பலகையில இருக்குற கொம்ப்ளேன்னா இன்னானு தெரியுமா?"

"எல்லா வசதியும் இருக்குன்னு..."

"ரூம் காலி இல்ல, வேற எடம் பாருன்னு அர்த்தம்! வர்றவன்ல முக்காவாசிப் பேரு பிரெஞ்சுக்காரன். எல்லாரும் அதைப் படிச்சுட்டுப் பக்கத்து லாட்ஜுக்குப் போயிட்டான். பாண்டிச்சேரில பொறந்துட்டு இது கூடவா தெரியாது?"

"நான் முதலியார்பேட்டைங்க..."

அவள் பார்வை அவன் தலைக்கு மேலே போனது. சுவரில் அவனுடைய ஆன்லைன் சர்டிபிகேட்டுகள். அம்மா கமலா ஒன்றுவிடாமல் ஃப்ரேம் போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி அவற்றுக்கும் உண்டு.

"இத்தனை படிச்சீங்களே... ஒண்ணுல கூடவா டிக்‌ஷனரி பாக்கச் சொல்லித் தரல?"

வெற்றி அவள் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். காப்பியா, தேனா... வெப்சைட்டில் எந்த நிறத்துக்கும் ஓர் எண் உண்டு. இந்த நிறத்துக்கு எவனும் இன்னும் எண் போடவில்லை.

"இன்னா முழிக்கிறீங்க? தண்டனை சொல்றேன், கேட்டுக்குங்க. இனிமே அந்த சைட்டை நீங்கதான் பாத்துக்கணும். சும்மா. வாரா வாரம் நேர்ல வந்து."

தண்டனையை அவ்வளவு சந்தோஷமாக ஏற்றுக்கொண்ட குற்றவாளி புதுச்சேரி சரித்திரத்தில் கிடையாது.

அதன்பிறகு எந்தச் சொல்லையும் மெரினிடம் படித்துக் காட்டாமல் அவன் ஏற்றவில்லை. ஒரு வரிக்கு ஒரு டீ. சில நாள் ஒரு கமாவுக்குக் கூட டீ வந்தது...

"எதுக்குங்க இவ்ளோ சர்டிபிகேட்?" என்றாள் ஒருநாள்.

"வெளிநாட்டு வேலைக்குத்தான். எப்படியாவது பிரான்ஸ் போயிடணும்ங்க. இதெல்லாம் உதவுமா?"

அவள் முகத்தில் விளக்கை அணைத்தது போலிருந்தது. "எனக்கெப்படித் தெரியும்?" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

புரியாமல் வெளியே வந்தவனிடம் லூயிஸ்தான் சொன்னார். அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். அதனால் குடும்பத்தில் எல்லாருக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட்.

"போன வாரம் கூட ஒருத்தன் பொண்ணு பாக்க வந்தான் தம்பி. எம்பொண்ணு மூஞ்சியவே பாக்கல. கட்டுனா விசா எத்தினி மாசத்துல வரும்னு கேக்குறான்! காப்பி கூடக் குடுக்காம அனுப்பிட்டா."

மெரின் முகம் ஏன் வாடியது என்று வெற்றிக்கு அப்போதுதான் புரிந்தது. இனி அவன் வாயைத் திறந்து 'மெரின், உன்னைப் பிடிச்சிருக்கு' என்றால், அது 'விசா பிடிச்சிருக்கு' என்றுதானே அவள் காதில் விழும்? ஒரே வழிதான். சொந்த வேலையில், சொந்த விசாவில் போக வேண்டும். அதுவரை வாயைத் திறப்பதில்லை. வாரா வாரம் போனான்; தலை நிமிராமல் வரியைப் படித்துக் காட்டிவிட்டு, டீ கூடக் குடிக்காமல் திரும்பினான்.

எனவே காதலைச் சொல்ல முடியாமல் தவிப்பவன் செய்கிற காரியத்தைச் செய்தான்... இன்னும் இரண்டு சர்டிபிகேட் வாங்கினான். அம்மா ஒரு முருகர் படத்தை நகர்த்தி இடம் பண்ணினாள்.

இதெல்லாம் உதவுமா என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேட்டான். ஜெர்மனியிலிருந்த நண்பன் இளஞ்செழியன், "பாக்கலாம் மச்சான்" என்றான். கோர்ஸ் நடத்துகிறவர்கள், 'உங்கள் கனவு உங்கள் கையில்' என்று மின்னஞ்சல் அனுப்பினார்கள். வேலை கேட்டுப் போட்ட விண்ணப்பங்களுக்குப் பதிலே வரவில்லை.

கடைசியில் பிரான்சின் லியோன் நகரத்துக் கம்பெனி ஒன்று வீடியோவில் கூப்பிட்டது. கேள்வி கேட்ட பெண்மணி சர்டிபிகேட்டுகளைத் திறக்கவே இல்லை.

"நீங்கள் படித்து முடித்தீர்கள் என்று அவை சொல்கின்றன. சரி. செய்த வேலையைக் காட்டுங்கள். அதில் எதையாவது கெடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள்."

கெடுத்ததா? அதில் அவனுக்கு அனுபவம் உண்டு. பலகையின் கதையைச் சொன்னான். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தாள். அதன்பிறகு எதையும் படிக்கப்போகிறவரிடம் காட்டாமல் ஏற்றுவதில்லை என்று அவன் சொன்னபோது மட்டும், சிரிப்பை நிறுத்திவிட்டு எதையோ குறித்துக்கொண்டாள்.

வேலை கிடைத்தது. விசாவும் வந்தது.

அன்று மாலை கடற்கரைச் சாலையே கரைந்துவிடும்போல் மழை. விடுதி கேட்டுக்கு இந்தப் பக்கம் வெற்றி, தலையில் ஹெல்மெட்டோடு. அந்தப் பக்கம் மெரின், அதே குடையோடு.

"இன்னா, இவ்ளோ மாசம் மூஞ்சிய தூக்கி வச்சிருந்துட்டு இப்ப மழையில வந்து நிக்கிறீங்க?"

"வேலை கிடைச்சிருச்சு மெரின். லியோன்ல. என் சொந்த விசா. உன் பாஸ்போர்ட்ட நீ பீரோலயே பூட்டி வச்சுக்க. எனக்கு வேணாம். அதான்... இப்பதான் கேக்க முடியும். உன்னைப் புடிச்சிருக்கு. என்னைப் புடிச்சிருக்கா?"

கண்கள் விரிந்தன. அந்த எண் இல்லாத நிறம்...

"இதுக்காகவா வாயில கொழுக்கட்டைய வச்சிகினு இருந்தீங்க? லூசு... பிரான்ஸ் ஆசையில என்னாண்ட நல்லவன் வேஷம் போட்டீங்க, அது பலிக்கலன்னு மூஞ்சி தூக்குறீங்கன்னு இல்ல நெனச்சு அழுதுட்டு இருந்தேன்!"

"அழுதியா?"

அவள் விறுவிறுவென்று உள்ளே போய் அந்த மரப்பலகையை எடுத்து வந்தாள். கேட்டில் மாட்டப் போகிறாள் என்று நினைத்தான். ஹெல்மெட்டுக்கு மேலாகக் கயிற்றைப் போட்டு அவன் கழுத்தில் மாட்டினாள்.

வெற்றிக்கு உயிரே போய்விட்டது. "கொம்ப்ளே... இடம் இல்ல, வேற எடம் பாருன்னுதானே அர்த்தம்? எல்லாரும் சுத்தி வளைச்சே பேசுறாங்க. நீயாவது நேரா சொல்லேன்..."

"நேராவே சொல்றேன், கேட்டுக்குங்க. எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு. லியோன் போயிட்டு வாங்க, காத்திருக்கேன். ஆனா இந்தப் பலகைய மட்டும் கழட்டக் கூடாது. அங்க எவளாவது பாத்தா, இடம் இல்லன்னு தெரியணும்."