ஏழாவது தெருவின் கோடு

அவன் நகரமைப்பு அலுவலகத்தில் வரைபடம் வரைபவன். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரன்தான், ஆனால் சோம்பேறி. நகரம் கண்மண் தெரியாமல் வளர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மனைப்பிரிவும் தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொண்டதில் எங்கு பார்த்தாலும் முட்டுச்சந்து. பின்வீட்டுக்குப் போக மூன்று கிலோமீட்டர் சுற்ற வேண்டும். முட்டுச்சந்துகளைக் குறைத்துக் காட்டச் சொல்லி மேலதிகாரி நச்சரித்தார். இவனோ நாற்காலியை விட்டு எழாமலே, ஏழாவது தெருவையும் அது முட்டி நிற்கும் சுவருக்குப் பின்னால் இருந்த தெருவையும் ஒரு கோடு இழுத்து இணைத்துவிட்டான். என்றைக்காவது இடிக்கத்தானே போகிறார்கள் என்ற நினைப்பு.

அந்த வரைபடம்தான் எல்லார் போனிலும் வழி காட்டுவது.

மறுவாரம் ஒரு மத்தியானம், ஏழாவது தெருவில் குடியிருந்த அவன் தங்கை பேசினாள். புது வழி திறந்துவிட்டதாம். ஸ்கூட்டரில் ஆறே நிமிடத்தில் அண்ணன் வீட்டில் இருப்பாளாம்.

அவனுக்குச் சுருக்கென்றது. சுவரை இடித்தது யார்? உத்தரவே போகவில்லையே.

ஒரு மணி நேரமாகியும் அவள் வரவில்லை என்று மனைவி போனில் சொன்னதும் அலறியடித்துக்கொண்டு ஏழாவது தெருவுக்கு ஓடினான்.

சுவர் இருந்தது. பாசி படிந்து, ஒரு கீறல்கூட இல்லாமல்.

ஈரமண்ணில் ஸ்கூட்டர் தடம் நேராக வந்து சுவரடியில் மறைந்திருந்தது. திரும்பிய தடம் இல்லை.

கடைசி வீட்டுத் தையல்காரர் தலை நிமிராமலே முணுமுணுத்தார். "போறவங்களைப் பார்த்திருக்கேன் தம்பி. வர்றவங்களைப் பார்த்ததில்லை."

இந்த ஆளுக்கு என்ன தெரியும்? அவரைச் சந்தேகமாகப் பார்த்தபடியே தங்கைக்குப் போன் போட்டான்.

சுவருக்குள்ளே மணி அடித்தது.

"வந்துட்டே இருக்கேன்ணா. தெரு கொஞ்சம் நீளமா இருக்கு."

சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனான். அங்கும் சுவர்தான்.

அலுவலகத்துக்குத் திரும்பி வரைபடத்தைத் திறந்தான். கோட்டை அழித்தால் தங்கை உள்ளேயே சிக்கிக்கொள்வாளோ? விட்டுவைத்தால் இன்னும் எத்தனை பேர் போவார்களோ? அவனுக்கிருந்தது ஒரே தங்கை. அழிக்கும் விசையின் மேல் விரலை வைத்தான்.

போன் அடித்தது.

"அண்ணா, இங்க நிறைய பேர் இருக்காங்க. கோட்டை அழிச்சிடாதேன்னு உன்கிட்ட சொல்லச் சொல்றாங்க."

கோடு போட்டதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

கையை எடுத்துக்கொண்டான். அவன் தொடாத திரையில், கோட்டின் நடுவிலிருந்து ஒரு கிளைத்தெரு மெல்ல நீண்டு, வளைந்து, அவன் வீட்டில் வந்து முட்டியது.

உடனே மனைவி போனில் கூப்பிட்டாள். குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"ஏங்க, உங்க தங்கச்சி வந்துட்டா. கூட யாருங்க இத்தனை பேர்?"