நிமிர்கச்சை

கோமதி மீண்டும் மகன்மேல் விழப் பார்த்தாள். இடுப்பிலிருந்து முழங்கால்வரை இறுகியிருந்த நிமிர்கச்சை மீண்டும் அவளை நேராக நிறுத்தியது.

கூடத்துத் தரையில், பாயில் கிடந்தான் இன்பன். சுற்றிலும் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

“பெத்தவ மட்டும் மரமாட்டம் நிக்கா பாரு,” என்றாள் ஒருத்தி.

“அவங்களால தரையில உக்கார முடியாது பெரியம்மா,” என்றாள் மருமகள் தாரணி. “நாற்காலி உயரத்துக்குக் கீழ இறங்கினாலே, விழுதாங்கன்னு கச்சை பிடிச்சுக்கிடும்.”

எழுபதைக் கடந்த எல்லாரும் அணிவதுதான். உடல் சாயத் தொடங்கியதும் உள்ளிருக்கும் சட்டங்கள் விறைத்துக்கொள்ளும். அது வந்தபின் அந்தத் தெருவில் யாருக்கும் இடுப்பெலும்பு முறியவில்லை. கோமதி இருமுறை அதைக் கழற்றி ஒளித்து வைத்ததால், தன் கட்டைவிரலுக்கு மட்டுமே திறக்கும்படி இன்பன் மாற்றிவிட்டான். தன் விரலையும் பதியச் சொன்னாள் தாரணி.

“நான் எங்கட்டி போயிரப் போறேன்?” என்று சிரித்தான்.

இன்று காலை ஆறு மணிக்கு அம்மாவுக்குப் பூட்டினான். ஏழு மணிக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்தான். வயது நாற்பத்தொன்பது.

கச்சை நிறுவனத்தை அழைத்தாள் தாரணி. காப்பாளர் ஒப்புதல் கேட்டார்கள். அவர்தான் இறந்துவிட்டார் என்றதும், நாளை மதியம் ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். கத்தரிக்கோல் அந்த இழைமேல் வழுக்கியது.

வாசலில் வண்டி வந்து நின்றது. பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. பார்ப்பதெல்லாம் இந்தக் கூடத்தோடு சரி.

“அவன் கையைக் கொண்டாங்க,” என்றாள் கோமதி.

நால்வர் உடலை இடுப்புயரம் தூக்கினார்கள். தாரணி கணவனின் கட்டைவிரலைப் பூட்டில் வைத்து அழுத்தினாள்.

“உயிர்ச்சூடு இல்லை,” என்றது கச்சை.

விரலைத் துடைத்து மறுபடி வைத்தாள். அதே குரல்.

கோமதி அந்த விரலைத் தன் இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தாள். வாயருகே இழுத்து ஊதினாள். “இப்பச் சூடாயிரும். சின்னப்புள்ளையில இப்படித்தான் சில்லுன்னு இருப்பான். கொஞ்சம் பொறுங்கய்யா.”

“அத்தை...”

“பொறுட்டி!”

மறுபடி வைத்தார்கள். பூட்டு திறக்கவில்லை.

“சின்னம்மா, கை வலிக்கி. நேரமும் ஆயிட்டு,” என்றான் தூக்கியிருந்த ஒருவன்.

மகன் நெற்றியில் முத்தமிடக் குனிந்தாள். பாதி தூரத்தில் கச்சை விறைத்துப் பின்னுக்கு இழுத்தது. விரல் அவள் கையிலிருந்து நழுவியது. நால்வரும் உடலை வண்டியில் ஏற்றினார்கள். வண்டி போன திசையைப் பார்த்தபடி, அசையாமல் நின்றாள்.

மாலை ஆறு மணிக்கு இன்பனின் கைபேசியில் வழக்கமான அறிக்கை வந்தது.

“இன்று உங்கள் தாயார் முப்பத்தொரு முறை விழவிருந்தார். ஒருமுறைகூட விழவில்லை. நிம்மதியாக இருங்கள்.”