ஆட்டுக்குட்டியின் கழுத்தில் கிளைசின்

கயிறு முறுக்கேறவில்லை.

முத்துமாரி மூன்றாவது முறையாக முறுக்கிப் பார்த்தாள். மணிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. கையை விட்டதும் மூன்று இழைகளும் மூன்று பக்கம் போயின.

நாளைக் காலை அறிவியல் கண்காட்சி. ஆறாம் வகுப்புக்கு ஒரே ஒரு மேசை. கயிறு சரியாக வராவிட்டால் அந்த மேசை டேனியலின் எரிமலைக்குப் போய்விடும். டேனியல் போன வருஷமும் எரிமலைதான் செய்தான்.

முத்துமாரி செய்தது தோல். ஆம்பூரில் தோலைப் பார்க்காதவர்கள் இல்லை. அம்மாகூட வாசலில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் தோலுக்குள்ளே இருப்பதை யார் பார்த்தார்கள்? உள்ளே கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது. மூன்று இழை சேர்த்து முறுக்கிய கயிறு மாதிரி. ஒவ்வொரு இழையும் அமினோ அமிலங்களை மணி மணியாகக் கோத்தது. அதில் ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைசின். இருப்பதிலேயே சின்னது.

கிளைசினுக்காக ராமமூர்த்தி சார் முப்பது பொடி மணிகள் கொடுத்திருந்தார். மங்கலான வெள்ளை. இதைப் போய்க் கண்காட்சியில் வைப்பதா? முத்துமாரி அவற்றைப் பக்கத்து வீட்டு உமைமாவிடம், அவளுடைய ஆட்டுக்குட்டிக்கு மாலை கட்டக் கொடுத்துவிட்டாள். கிளைசின் வரவேண்டிய இடத்திலும் பளபளக்கும் பெரிய மணிகளையே கோத்தாள்.

"இன்னாடி, சாப்டதுலேர்ந்து அதையே புடிச்சிட்டு இருக்க? கொஞ்ச நேரம் படு," என்றாள் அம்மா.

முத்துமாரி பாயில் படுத்தாள். தூரத்தில் தோல் ஊறவைக்கும் மர டிரம் உருண்டுகொண்டிருந்தது. யாரோ தண்ணீருக்கு அடியில் நடப்பது போன்ற சத்தம். கண் செருகியது.

அவள் ஒரு சந்துக்குள் நின்றாள். சுவர்கள் இளம்பழுப்பாக, ஈரமாக இருந்தன. சுவரைத் தொட்டதும் தெரிந்தது, இது தோலின் உள்பக்கம். மூன்று வரிசை ஆட்கள் தோளோடு தோள் பின்னியபடி மெதுவாக வந்தார்கள். எல்லோரும் தடித்த ஆட்கள். எல்லோருக்கும் பளபளச் சட்டை.

"நீ நகரு."

"நான் எங்க நகர்றது?"

"சின்னவங்க யாரும் வரலியா?"

"அவங்க ஆட்டுக்குட்டி கழுத்துல இருக்காங்க."

முத்துமாரி ஓடப் பார்த்தாள். கால் வரவில்லை. சார் சொன்னது கனவிலேயே ஞாபகம் வந்தது. கனவு காணும்போது நாம் எழுந்து ஓடிவிடாமல் உடம்பைப் பிடித்து வைக்கிற வேலையிலும் கிளைசினுக்குப் பங்கு இருக்கிறது.

"விடு கிளைசின், எனக்கு வேலை இருக்கு," என்றாள். விழித்துக்கொண்டாள்.

மூன்று இழைகள் நெருங்கினால் நடுவில் இடம் கிடையாது. அங்கே பொடி மணிதான் நுழையும். பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். இந்த முறை கால் வந்தது.

உமைமாவுக்கு ஆறு வயது. அவளுடைய ஆட்டுக்குட்டியின் கழுத்தில் முப்பது பொடி மணிகளும் மாலையாகத் தொங்கின.

"உமைமா, அந்த மணி திரும்ப வேணும்."

"குடுத்துட்டியே அக்கா."

"தெரியாம குடுத்துட்டேன்."

"எடுத்தா குட்டி அழுவும்."

குட்டி காகிதம் தின்றுகொண்டிருந்தது. அழப்போவது யார் என்று முத்துமாரிக்குத் தெரிந்தது. பிடுங்கிக்கொள்வது சுலபம். அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"பெரிய மணி முப்பது தர்றேன். மாத்திக்கலாமா?"

உமைமா ஒரு பெரிய மணியை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். "இது ஜாஸ்தி மின்னுது. அப்புறம் ஏன் இதைக் கேக்கற?"

"இதுதான் கிளைசின். சின்னதா இருக்கறதாலதான் உள்ள போகும். உன் தோல்ல இருக்கு, எலும்புல இருக்கு, குட்டிகிட்டயும் இருக்கு. நிஜமான கிளைசின் இனிக்குமாம். ரொம்ப வருஷத்துக்கு முன்னால ஒருத்தர் தோல்லேர்ந்து எடுக்கற பசையை அமிலத்துல காய்ச்சினாராம். சக்கரை மாதிரி வந்துச்சாம். இப்ப ஃபேக்டரில செய்றாங்க. தீனில ருசிக்குப் போடுறாங்க, கோழித்தீவனத்துல போடுறாங்க, மாத்திரைலகூட."

உமைமா பொடி மணி ஒன்றை நக்கினாள். "இனிக்கல."

"அது பிளாஸ்டிக்."

உமைமா யோசித்தாள். "நாளைக்கு நானும் வருவேன். குட்டியும் வரும்."

"குட்டிய உள்ள விடமாட்டாங்க."

"அப்ப மணி இல்ல."

"ஸ்கூல் கேட்டு வரைக்கும் வரட்டும்."

இருவரும் உட்கார்ந்து கோத்தார்கள். இரண்டு பெரியது, ஒரு பொடி. பொடி மணிகளை உமைமாவின் விரல்கள்தான் சட்டென்று பிடித்தன. முத்துமாரி ஒவ்வொரு இழையையும் ஒரு மணி தள்ளி வைத்து, பொடி மணிகள் உள்பக்கம் பார்க்கும்படி முறுக்கினாள். கையை விட்டாள்.

கயிறு அப்படியே நின்றது.

மறுநாள் கண்காட்சி மேசைக்கு டேனியல் வந்து கயிற்றை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தான். பிரியவில்லை.

"உள்ள என்ன வெச்ச?"

"பாரு."

"ஒண்ணும் தெரியலியே."

"அதுதான் கிளைசின்."

கொஞ்ச நேரத்தில் மேசைக்கு முன்னால் ஆளே இல்லை. கண்காட்சிக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டருகே நின்றார்கள். அங்கே முப்பது பளபள மணிகளோடு ஆட்டுக்குட்டி நின்றது. முத்துமாரி கயிற்றை எடுத்துக்கொண்டு அங்கேயே போனாள்.

உமைமா ஏற்கெனவே பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். "குட்டி கழுத்துல இருக்கே, இது பெருசு. உள்ள போகாது. அக்கா கையில இருக்கே, அதுல இருக்கற சின்னதுதான் போகும். நிஜத்துல அது இனிக்கும்."

ஆட்டுக்குட்டி கழுத்தை வளைத்து ஒரு மணியை நக்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அதுவும் பிளாஸ்டிக்தான்," என்றாள் உமைமா.