செயினில் நீந்திய மீன்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எண்ணெயில் போட்டதுபோல் படபடவென்று பொரிவேனாம். அதனால் வீட்டில் எனக்குக் கடுகு என்று பெயர்.

அன்று அக்காவுக்கு வண்டி ஓட்டும் தேர்வு. வண்டி அப்பாவுடையது. உருண்டை விளக்கு, அகன்ற இருக்கை, தெருமுனை வரை கேட்கும் 'தட் தட்' சத்தம். முழங்கால் வலியால் அப்பாவால் இப்போது கிக்கரை உதைக்க முடிவதில்லை.

"இதே வண்டியில எட்டு போட்டு லைசன்ஸ் வாங்கு. வண்டி உனக்கு. இல்லைன்னா சித்தப்பாவுக்கு" என்று அப்பா சொல்லியிருந்தார்.

சித்தப்பாவுக்கு அந்த வண்டிமேல் ரொம்ப நாளாக ஒரு கண். ஆனாலும் கெட்டவர் இல்லை. முந்தின நாள் சாயங்காலம், "தேர்வுக்குப் போற வண்டி பளபளன்னு இருக்க வேணாமா?" என்று அவரேதான் செயினைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி மாட்டினார். நான் டார்ச் பிடித்தேன்.

செயினின் இரண்டு முனைகளையும் சேர்க்க ஒரு லாக் உண்டு. அதன்மேல் செருகும் சின்னத் தகடு மீன் போலவே இருக்கும். ஒரு பக்கம் உருண்டைத் தலை, மறுபக்கம் பிளந்த வால். பட்டறையில் மெக்கானிக் மாட்டும்போது, செயின் ஓடுகிற பக்கம்தான் மீனின் தலை இருக்கும். நான் உற்றுப் பார்த்திருக்கிறேன். சித்தப்பா மாட்டிய மீன் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"சித்தப்பா, மீன் திரும்பி இருக்கு."

"வாயை மூடிட்டு டார்ச்சை நேரா பிடி."

நானும் மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் என்மேலேயே எரிச்சல் வரும்.

மறுநாள் காலை சித்தப்பா வண்டியை மைதானத்துக்கு ஓட்டி வந்தார். அக்காவும் நானும் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தோம். வரிசையில் அக்காவுக்குப் பதினாலாம் நம்பர். பழகிக்கொள்ள ஓரமாக ஒரு சுற்று ஓட்டினாள்.

'டக்' என்று ஒரு சத்தம். இன்ஜின் உறுமியது, வண்டி மட்டும் நின்றுவிட்டது. பின்சக்கரத்திலிருந்து செயின் அவிழ்ந்து தரைவரை தொங்கியது. லாக் எங்கே தெறித்ததோ, கண்ணிலேயே படவில்லை.

உடனே ஒரு கூட்டம் கூடியது. ஒரு மீசைக்காரர், "இவ்ளோ கனமான வண்டி பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு?" என்றார்.

"நான் தூக்கப் போறதில்லை. ஓட்டப் போறேன்" என்றாள் அக்கா.

தேர்வு அதிகாரி கையில் காகிதங்களோடு வந்தார். "பதினோராம் நம்பர் ஓட்டிட்டிருக்கார். உன் நம்பர் வர்றப்ப வண்டி கோட்டுல நிக்கணும். ஸ்கூட்டர்னாலும் சரிதான்."

"நான் யார்கிட்டயாவது ஸ்கூட்டர் கேட்டு வாங்கறேன்" என்று சித்தப்பா கிளம்பினார்.

"வேணாம். இதுலதான் ஓட்டுவேன்."

"இது ஓடலையேம்மா" என்றார் அதிகாரி.

"ஓடும்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டாளே தவிர, அவள் கண்கள் தரையில் லாக்கைத் தேடிக்கொண்டிருந்தன.

நான் என் பையை முன்னால் இழுத்தேன். அதன் ஜிப்பில் ஒரு பழைய லாக் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. போன வருடம் இதே வண்டிக்குச் செயின் மாற்றியபோது, மீன் அழகாக இருக்கிறதே என்று மெக்கானிக்கிடம் கெஞ்சி வாங்கியது. "குப்பையைத் தொங்க விட்டிருக்கா" என்று வீட்டில் சிரிக்காதவர்கள் இல்லை.

"என்கிட்ட லாக் இருக்கு" என்றேன்.

"கடுகு, இது விளையாட்டு இல்ல. தள்ளு" என்றார் சித்தப்பா.

"தள்ள மாட்டேன். நேத்து வாயை மூடிக்கிட்டேன், இன்னிக்கு மூட மாட்டேன். நீங்க மீனைத் திருப்பி மாட்டிட்டீங்க. அதான் கழண்டுபோச்சு."

சித்தப்பா என்னைப் பார்த்தார், செயினைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார். மீசைக்காரர் இருமினார்.

அக்கா சாவியை எடுத்துப் பையில் போட்டாள். பக்கப் பெட்டியிலிருந்து குறடு ஒன்றை எடுத்தாள். நல்லவேளை, முன்பக்கப் பல்சக்கரத்திலிருந்து செயின் கழலவில்லை. ஆனால் பின்னால் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்தால் நழுவிக்கொண்டே இருந்தன.

"பன்னிரண்டு" என்று கூப்பிட்டார் அதிகாரி.

"அக்கா, ரெண்டு முனையையும் பின்சக்கரப் பல்லு மேல வை. பல்லே பிடிச்சுக்கும்."

வைத்தாள். பிடித்துக்கொண்டது. நான் உள்பக்கமிருந்து லாக்கைச் செருகி, வெளிப்பக்கம் அதன் மூடித் தகட்டை வைத்தேன். விரல் நசுங்கியது, கத்தவில்லை. கடைசியாக மீன். தலை முன்பக்கம், வால் பின்பக்கம். அக்கா குறட்டால் அழுத்த, 'டிக்' என்று உட்கார்ந்தது. சக்கரத்தைக் கையால் மூன்று முறை சுற்றிப் பார்த்தோம். மீன் அசையவே இல்லை.

"பதினாலு."

அக்கா சாவியைப் போட்டு, கிக்கரை ஓங்கி உதைத்தாள். 'தட் தட்' என்ற சத்தத்தில் மீசைக்காரர் இரண்டு அடி தள்ளிப் போனார். அக்கா ஒரு தடவைகூடக் காலை ஊன்றாமல் எட்டு போட்டாள். பெரிய, அழகான எட்டு.

அதிகாரி செயினைக் குனிந்து பார்த்தார். "மெக்கானிக் யாரு?"

"நான்தான்" என்று காகிதத்துக்குக் கை நீட்டினேன்.

"முதல்ல கையைக் கழுவு" என்று அதை அக்காவிடம் கொடுத்தார். 'தேர்ச்சி' என்று எழுதியிருந்தது.

அன்று சாயங்காலம் சித்தப்பா கடையிலிருந்து புது லாக் வாங்கி வந்தார். "பழசை நம்பி ஓட்டக் கூடாது" என்று குறடும் கையுமாக வண்டியின் அருகே உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் செயினைத் தொடவில்லை. தலையைச் சொறிந்தார்.

"கடுகு, மீனோட தலை எந்தப் பக்கம்?"

நான் அவர் கையிலிருந்து குறட்டை வாங்கிக்கொண்டு டார்ச்சைக் கொடுத்தேன்.

"நேரா பிடிங்க, சித்தப்பா."