வற்றாத சீசா

காலை 6.40. கதகதப்புப் பெட்டியைத் திறந்த ரோங்கே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே பன்னிரண்டு தட்டுகள். எட்டில் இருந்த செல்கள் செத்து மிதந்தன.

நைஜீரியாவின் இபாடான் நகரப் பிரசவ ஆஸ்பத்திரிகளில் கெஞ்சி வாங்கிய தொப்புள்கொடிகள். அவற்றின் இரத்தக்குழாயிலிருந்து எடுத்துப் பிள்ளைபோல் வளர்த்த செல்கள். சிவப்புப் புளிச்சைப் பூவிலிருந்து அவள் பிரித்தெடுத்த சாறு அவற்றைச் சேதத்திலிருந்து காக்கும் என்று காட்டினால் முனைவர் பட்டம். காட்டாவிட்டால், முப்பத்தெட்டு வயதில் வெறுங்கையோடு வீடு.

7.30. பேராசிரியர் பம்போஷேயின் அறை. தொப்பை முதலில் வந்தது, பட்டங்கள் பிறகு, ஆள் கடைசியில்.

"கையைக் கழுவாம வேலை பாத்திருக்கே. பத்து மணிக்கு உன்னை நீக்கற கடிதத்துல கையெழுத்துப் போடப்போறேன்."

"சார், ஆறு வருஷம் சார்!"

"ஒழுக்கம் வேணும்மா. என்னைப் பாரு. மூணு வாரமா மாத்திரையே கிடையாது. ரத்த அழுத்தம் தானா எறங்கிடுச்சு."

ரோங்கே தலைகுனிந்தாள். கண்ணீருக்கிடையே தெரிந்ததெல்லாம் அவருடைய குப்பைக்கூடைதான். கசங்கிய தாள்கள், கழுத்தில் சிவப்பு நூல் கட்டிய காலிப் பாட்டில் ஒன்று.

8.15. ரோங்கே கூப்பிட்டதும் கல்லூரிக் காவல் சார்ஜென்ட் மொரெனிகே ஆய்வகத்துக்கு வந்தாள். காணாமல்போன ஆடுகளையும் விடைத்தாள்களையும் ஒரே சிரத்தையோடு தேடுகிறவள்.

"செத்தது எது, பொழைச்சது எது?"

"சாறு ஊத்தின எட்டும் செத்துடுச்சு மேடம். ஊத்தாத நாலும் நல்லாருக்கு."

"காப்பாத்தற மருந்து குடிச்சவன் செத்தான், குடிக்காதவன் பொழைச்சானா? நல்ல மருந்தும்மா! சாறு வெச்சிருக்கற ஃப்ரிட்ஜை யாரெல்லாம் தொறப்பாங்க?"

"நான், லவானி, சார்."

ஆய்வக உதவியாளர் லவானி கையைக் கட்டிக்கொண்டு ரோங்கேயைப் பார்த்தார். "என் பேரைக் கட்டுரையில போடலைன்னு கோவம் உண்டுதான், ஆன்ட்டி. அதுக்காகச் செல்லையா கொல்லுவேன்? அத வளத்தவனே நான்தானே."

சார்ஜென்ட் மேசையில் குனிந்தாள். நேற்று மாலை சாறு சொட்டிய இடத்தில் எறும்பு வரிசை. "உங்க சாறுல சர்க்கரை உண்டா?"

"துளிகூடக் கிடையாது."

"எறும்புக்கு அது தெரியாது போல. சீசாவ எடும்மா." சீசாவின் மேல் ஒட்டிய தாளில் ரோங்கே போட்ட கோடு, மூன்று வாரம் முந்தைய தேதி. சாறு சரியாக அந்தக் கோட்டிலேயே நின்றது. "தினமும் எடுத்தியா?"

"தினமும்."

"பின்ன ஏன் குறையல?"

ரோங்கே சீசாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லவானிதான் சொன்னார்: "போன ஞாயிறு சர்ச்சுல இவங்க சாட்சி சொன்னாங்க மேடம். பைபிள்ல வர்ற விதவையோட எண்ணெய்க் குடம் வத்தாத மாதிரி, கர்த்தர் என் சீசாவையும் வத்தவிடலைன்னு. மொத்தச் சபையும் எழுந்து நின்னு பாடிச்சு."

"யாரு பலமா ஆமென் சொன்னது?"

"சார்தான். முன் வரிசையில."

சார்ஜென்ட் சிரிக்கவில்லை. வாசலில் புளிச்சைப்பூப் பானம் விற்கும் ஹவ்வாவைக் கூட்டிவரச் சொன்னாள்.

9.50. பம்போஷே பேனாவைத் திறந்தபோது நால்வரும் உள்ளே நுழைந்தார்கள். சிவப்பு நூல் கண்ணில் பட்டதும் ஹவ்வா நேராகக் குப்பைக்கூடைக்குப் போனாள்.

"என் பாட்டில் சார்! குடிச்சிட்டுத் திருப்பித் தரணும்னுதான நூல் கட்டி வெச்சிருக்கேன்? நேத்து மத்தியானம் வாங்கினது."

"நான் தெருப்பானம் தொடறதில்ல" என்றார் பேராசிரியர்.

"தொட்டீங்க, குடிக்கல" என்றாள் சார்ஜென்ட். "மாத்திரை இல்லாமலே ரத்த அழுத்தம் எறங்கிடுச்சுன்னு ரோங்கேகிட்ட சொன்னீங்களே, குடிச்சது அவளோட சாறு. தினம் ஒரு மடக்கு. நிறம் மாறாம இருக்க வீட்டுல கொதிக்கவெச்ச புளிச்சைத் தண்ணிய ஊத்தி ரொப்புனீங்க. சர்க்கரை இல்லாதது, அதனால தெரியல. நேத்து என்னாச்சு?"

பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். "கொதிக்கவெச்சுத் தர்ற சம்சாரம் அபெயோகுட்டாவுக்கு, அவ ஊருக்குப் போயிட்டா" என்றார்.

"அதான் ஹவ்வாகிட்ட வாங்கினீங்க. சர்க்கரையும் இஞ்சியும் அன்னாசியும் போட்டது. செல்லு தாங்கல, எறும்பு விடல. சீசா குறையாதது அற்புதமில்ல. திருட்டு."

பேராசிரியர் நாற்காலியில் சுருங்கினார். தொப்பைகூடச் சிறுத்தது போலிருந்தது. "எங்க அப்பா அம்பத்தெட்டுல பக்கவாதத்துல போனாரு. எனக்கு இப்ப அம்பத்தெட்டு. மாத்திரைய நான் நம்பல, ரோங்கே. உன் சாறத்தான் நம்பினேன்."

ஆறு வருஷத்தில் அவளது ஆராய்ச்சிக்கு அவர் சொன்ன முதல் பாராட்டு. அவளுக்கு அழுகையும் வந்தது, அறையவும் தோன்றியது. அந்த மூன்று வாரக் கணக்கு அத்தனையும் பொய். செத்த எட்டும் திரும்பாது.

மேசைமேல் இருந்த கடிதத்தைக் கிழித்துவிட்டு, வெள்ளைத்தாளில் தானே எழுதினாள்: புது செல்கள், புதுச் சாறு, ஓராண்டு நீட்டிப்பு. அவர் முன்னால் வைத்தாள். அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"மாத்திரையப் போடுங்க சார். நீங்க குடிச்சது மனுஷனுக்கு இன்னும் சோதிக்காதது." கதவருகே நின்று திரும்பினாள். "ஞாயித்துக்கிழமை அந்தச் சாட்சிய வாபஸ் வாங்கப் போறேன். மேடைக்கு நீங்களும் வரணும். ஆமென் அன்னிக்கு மாதிரியே பலமா கேக்கணும்."