வடக்குச் சுவரோரம் நின்றவர்

அன்று கோயிலைச் சுற்றிக் கைகோத்து நின்றவர்கள்: தெற்கு வாசலில் குருவானவர் ரூத். அவர் இடப்பக்கம் டெனிஸ் கோஃபும் அவன் மனைவியும். கோபுரத்தை வளைத்து மதுக்கடைக் குடும்பம் முழுதும். வடக்குச் சுவரின் முதல் முட்டுச்சுவரோரம், கோயிலைப் பராமரிக்கும் வார்டன் மேவிஸ். இரண்டாவது முட்டுச்சுவருக்கு அப்பால் கிழவர் இட்ரிஸ். அங்கிருந்து பலிபீடச் சுவரைச் சுற்றி பவன் சகோதரிகள், வாரக் கடைசிக்கு மட்டும் வந்துபோகும் லண்டன்காரர்கள். வேலிக்கதவருகே, வளையத்தில் சேராமல், திருமண்டலத்திலிருந்து வந்த பார்ட்ரிட்ஜ்.

மேவிஸ் இதை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். இரண்டு முட்டுச்சுவர்களுக்கும் நடுவில் நிற்க யாருமே மிச்சமில்லை.

ஆனால் அங்கிருந்து ஒரு கை வந்தது.

தார்ன்லோ கோயிலின் வடக்குப் பக்கத்தில் வெயில் விழுவதே இல்லை. பாசி ஏறிய கல்லின் வாடை, யூ மரத்தடியில் மக்கிய இலை, கூரையிலிருந்து ஈயக்குழாய் வழியே சொட்டிக்கொண்டேயிருக்கும் நீர். முட்டுச்சுவர்கள் ஓர் ஆள் அகலத்துக்கு வெளியே நீண்டிருப்பதால் பக்கத்தில் நிற்பவரின் முகம் தெரியாது. விளிம்பைச் சுற்றிக் கையை நீட்டவேண்டும், மறுபக்கத்தவர் பிடித்துக்கொள்வார். இரண்டுக்கும் நடுவே உள்ளது பழைய வடக்கு வாசல். ஒரு காலத்தில் ஞானஸ்நானத்தின்போது பிள்ளையை விட்டுக் கிளம்பும் பிசாசு வெளியே போகட்டும் என்று அதைத் திறந்துவைப்பார்களாம். பிறகு எப்போதோ கல்லை வைத்து அடைத்துவிட்டார்கள்.

தவக்காலத்துக்கு முந்தின செவ்வாயன்று வளையம் மூடினால் கோயில் இன்னொரு வருஷம் நிற்கும் என்பது ஊர் நம்பிக்கை. பார்ட்ரிட்ஜுக்கு நம்பிக்கையெல்லாம் கிடையாது. கோயிலைச் சுற்றி நிற்கக்கூட ஆளில்லாத ஊருக்குக் கோயில் எதற்கு என்று கேட்டிருந்தார். கோயிலை மூடினால் விற்பார்கள். கோயிலோடு சேர்ந்தது கல்லறைத் தோட்டத்து ஓரத்திலிருந்த வார்டன் வீடு. மேவிஸுக்கு வேறு வீடு இல்லை.

வளையம் கோக்குமுன் வார்டன் ஒரு சுற்று நடந்து எல்லோர் முகத்தையும் பார்த்துவரவேண்டும். அதுதான் முறை. இந்த வருஷம் அவள் நடக்கவில்லை. நடந்தால் நடுவிலுள்ள இடைவெளி தெரிந்துவிடும். அவள் பின்னாலேயே பார்ட்ரிட்ஜும் நடப்பார்.

அதனால் நேராகப் போய் நின்றாள். கையை நீட்டினாள். அது பிடித்துக்கொண்டது.

குளிர்ந்த கை என்று சொல்ல முடியாது. எந்தச் சூடும் இல்லை, அவ்வளவுதான். பக்கத்தில் நிற்பவரின் கையைக் கோத்தால் கட்டைவிரலோடு கட்டைவிரல் சேரும். இவள் கட்டைவிரல் தொட்டது ஒரு சுண்டுவிரலை. விட்டுவிடலாம் என்று நினைத்தாள். விட்டால் வளையம் அறுந்துவிடும். விடவில்லை.

ரூத் தொடங்கிவைத்த வாசகம் கைக்குக் கை நகர்ந்து கோபுரத்தைச் சுற்றி வந்தது. மதுக்கடைக்காரி மேவிஸின் வலது கையை அழுத்தி அதைச் சொன்னாள். மேவிஸ் இடது கையை அழுத்தி, முட்டுச்சுவரின் விளிம்பை நோக்கிச் சொன்னாள்.

"உள்ளே வா. இது உன் வீடு."

பதில் குரல் வரவில்லை. கை மட்டும் ஒருமுறை இறுகியது. சற்று நேரத்தில் தெற்கு வாசலில் எல்லோரும் கைதட்டும் சத்தம் கேட்டது.

கோபுரத்தடியில் பான்கேக் சுட்டார்கள். எலுமிச்சையும் சர்க்கரையும் கருகிய வெண்ணெயும் மணத்தன. பார்ட்ரிட்ஜ் இரண்டு தின்றுவிட்டு, நல்லபடியாக எழுதுவதாகச் சொல்லிக் கிளம்பினார். மேவிஸ் டெனிஸை ஓரமாக இழுத்தாள். இருபது வருஷமாக அவளை ஏமாற்றிச் சிரிப்பதையே தொழிலாக வைத்திருப்பவன்.

"வடக்கால யாரை நிறுத்துன?"

"நானா? நான் என் பொண்டாட்டி கையப் புடிச்சிட்டு நின்னேன். கல்யாணத்துக்கு அப்புறம் இன்னிக்குத்தான். அவளே பயந்துபோயிட்டா."

"கையுறைக்குள்ள வைக்கோல் அடைச்சு, கம்புல மாட்டி நீட்டினியா?"

"நல்ல யோசனை. அடுத்த வருஷம் செய்யறேன்." அவள் முகத்தைப் பார்த்தான். "என்ன வார்டன் அம்மா, ஜெயிச்ச வீட்டுல இழவு விழுந்த மாதிரி நிக்கற?"

அவன் கண்களில் கள்ளச் சிரிப்பைத் தேடினாள். கிடைக்கவில்லை. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

இட்ரிஸ் நாற்காலியில் உட்கார்ந்து விரல்களை நீவிக்கொண்டிருந்தார்.

"என்ன புடி புடிக்கற மேவிஸ். கை இன்னும் மரத்துக் கிடக்கு."

"நான் உங்க கையப் புடிக்கலையே பெரியவரே. நான் இந்தப் பக்கத்து முட்டுச்சுவர்ல நின்னேன்."

"அப்ப நடுவுல நின்னது?"

மேவிஸ் வடக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நீதான் என்மேல கோவத்துல முதுகத் திருப்பி நிக்கறன்னு நினைச்சேன்," என்றார். எழுந்து, அவள் பக்கத்தில் நின்று, முதுகைச் சுவருக்குக் காட்டித் திரும்பி அவள் கையைப் பிடித்தார். சுண்டுவிரல் அவள் கட்டைவிரலில் பட்டது. "இந்தா, இப்படித்தான். கோயிலுக்கு முதுகக் காட்டி நின்னா கை இப்படி வரும். நாமல்லாம் சுவரைப் பாத்து நிக்கறோம், அது யாரு வாசலுக்கு முதுகக் காட்டிட்டு? இப்பத்தான் வெளிய வந்த மாதிரி." அவரே சிரித்துக்கொண்டார். பிறகு, "முகம் பாத்துட்டுத்தானே வந்த?" என்றார்.

"பாத்தேன்."

கிழவர் அவள் கையை விட்டார். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். டெனிஸ் சட்டியை வாசல் மண்டபத்தில் வைத்துவிட்டு, மேசைகளை மதுக்கடையில் போட்டுவிட்டு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மேவிஸின் கோட்டு வாசல் மண்டபத்து ஆணியில் தொங்கியது. பெரிய இரும்புச் சாவி தெற்குக் கதவின் வெளிப்பக்கத்தில் இருந்தது. பூட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

டெனிஸாகத்தான் இருக்கவேண்டும். ஏதாவது தடயம் விட்டிருப்பான். அப்படி நினைப்பதுதான் வசதியாக இருந்தது. வடக்குப் பக்கம் வெளியே போக அவளுக்கு மனம் வரவில்லை. கோயிலுக்குள், அடைத்த வடக்கு வாசலின் மறுபக்கத்தில் பாட்டுப் புத்தக அலமாரி நின்றது. அதை நகர்த்தினாள். அதன் கால்கள் கல்தரையில் கிறீச்சிட்டன, சத்தம் கூரை வரை போய்த் திரும்பி வந்தது.

சுண்ணாம்புப் பூச்சு. பழையது. விரிசல்கூட இல்லை.

மூச்சு விட்டாள். உள்ளங்கையைப் பூச்சின்மேல் வைத்தாள்.

சூடாக இருந்தது. பிப்ரவரியில், வடக்குச் சுவரில். யாரோ எழுந்துபோன நாற்காலியின் சூடு.

அவளுக்குப் பின்னால், கோயிலின் மறுகோடியில், தெற்குக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

அப்பால் காலடிகள். சட்டியின் ஓசை. டெனிஸ்.

"மேவிஸ், உள்ளயா இருக்க?"

அவள் வாயைத் திறந்தாள்.

"இல்ல, இங்கதான் இருக்கேன்," என்றது ஒரு குரல், வெளியே. "பூட்டிரு."

அவளுடைய குரல். ஊர்க்கூட்டத்தில் எல்லோரையும் எரிச்சல்படுத்தும் அந்த இழுவை உட்பட.

சாவி திரும்பியது.

ஓடினாள். ஓக் பலகையில் கைமுட்டியால் குத்தினாள். கத்தினாள். கோபுரத்துக் காக்கைகள் கலைந்து கரைந்தன.

"உள்ள ஏதோ சத்தம் கேக்குதே," என்றான் டெனிஸ்.

"காக்கா."

"அதுவும் சரிதான். ஏய், கோட்டைத் திருப்பிப் போட்டிருக்க. பொத்தானெல்லாம் முதுகுல."

"குளிருது. வீட்டுக்குப் போறேன்."

பக்கச் சுவரில் ஒரு தாழ்வான ஜன்னல் உண்டு. அந்தக் காலத்தில் தொழுநோயாளிகள் அதன் வழியாகப் பூசை பார்ப்பார்களாம். மேவிஸ் மண்டியிட்டாள். கண்ணாடியைத் துடைத்தாள்.

டெனிஸ் சட்டியைத் தோளில் போட்டு மேட்டில் இறங்கிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

கல்லறைகளுக்கு நடுவே அவளுடைய கோட்டு தனியாகப் போய்க்கொண்டிருந்தது. வீட்டை நோக்கி. பொத்தான் வரிசை மங்கலாக மின்னியது. அதற்குமேல் பின்தலை இருக்கவேண்டிய இடம்.

பின்தலை இல்லை. முகம் இருந்தது.

கோட்டைச் சரியாகத்தான் போட்டிருந்தது. நடைதான் பின்பக்கமாக.

அந்த முகம் ஜன்னலைப் பார்த்தபடியே போனது. அவளைப் பார்த்தபடி. ஒரு கல்லிலும் இடறவில்லை. படியேறியது. கையைப் பின்னால் விட்டு, மழையில் உப்பிப்போய் அவளுக்கு மட்டுமே பணியும் அந்தக் கதவை, கொஞ்சம் தூக்கித் தள்ளியது. அவள் தள்ளுவதைப் போலவே.

உள்ளே போனது. கடைசியாக முகம்.

கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டி வந்தது.